கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? எண்களைப் படிக்க ஒரு தொடக்கம்

அமெரிக்காவில் பிள்ளை பள்ளி இறுதியாண்டில் இருக்கிற தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்துபோகும். "கம்யூனிட்டி காலேஜா? சேர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் முடிக்கறதே இல்லையாமே" என்பார் ஒருவர். "எங்க அக்கா பையன் அங்க ரெண்டு வருஷம் படிச்சுட்டுத்தானே யூனிவர்சிட்டிக்குப் போனான், இப்ப நல்ல வேலைல இருக்கான்" என்பார் இன்னொருவர். முதலாமவரிடம் ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. இரண்டாமவரிடம் ஒரு ஆள் இருக்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியாது.

கம்யூனிட்டி காலேஜ் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அங்கே படித்தவர்கள் என்ன ஆனார்கள், அவர்களுக்குப் படிப்பு திருப்தியாக இருந்ததா என்பதைச் சொல்ல ஆண்டுதோறும் எண்கள் வெளியாகின்றன. அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம். அதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும்: இந்த எண்ணை எடுக்கும்போது யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்?

முதலில் கல்லூரியைப் பற்றி

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டிக்கொண்ட இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பாக இது தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஜோலியட் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் கல்லூரிகளில் குவிந்துகொண்டிருந்த 1947இல், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகளை நாடு முழுக்கப் பரப்ப வேண்டும் என்றது. இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கலிபோர்னியாவில் மட்டும் 116.

இங்கே கிடைப்பது இரண்டு வருட அசோசியேட் டிகிரி, ஏறக்குறைய 60 கிரெடிட் (தேறிய பாடங்களை எண்ணும் அலகு). அதைவிடக் குறுகிய சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. கட்டணம் குறைவு. 2023-24இல் உள்ளூர் மாணவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 3,990 டாலர். நான்கு வருட அரசுப் பல்கலைக்கழகத்தில் அதே மாநில மாணவருக்கு 11,260 டாலர். கலிபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு அங்கே இந்தப் பெயர்) 46 டாலர்தான்.

ஆனால் கட்டணத்தைவிட முக்கியமான வேறுபாடு வாசலில் இருக்கிறது. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்கள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பள்ளியில் கணக்கில் தடுமாறிய பதினெட்டு வயதுப் பையனும், இரண்டு குழந்தைகளோடு திரும்பப் படிக்க வந்த நாற்பது வயது அம்மாவும், ஆங்கிலம் கற்க வந்த புதுக் குடியேறியும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் பகுதி நேரமாகப் படிக்கிறார்கள், வேலைக்குப் போய்க்கொண்டே. ஆகவே மதிப்பெண் பார்த்துச் சலித்து எடுக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விகிதத்தை இதன் பக்கத்தில் வைப்பது, பொறுக்கியெடுத்த விதைநெல் எவ்வளவு முளைத்தது, களத்தில் குவிந்த மொத்த நெல் எவ்வளவு முளைத்தது என்று ஒப்பிட்டுவிட்டு, நிலத்தைக் குறை சொல்வது போலத்தான்.

நம்மூரிலும் இதே பெயரில் கல்லூரிகள் உண்டு என்பதால் ஒரு வார்த்தை. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகளின் நோக்கமும் மாணவர்களும் வேறு. படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் வசதியற்றவர்களுக்கும் வேலைக்கான திறன் கற்றுத்தருவதே அவற்றின் வேலை. அமெரிக்க எண்களை அங்கே பொருத்திப் பார்க்கக்கூடாது.

முடித்தவர் விகிதம் என்னும் பெரும் குழப்பம்

"முக்கால்வாசிப் பேர் முடிப்பதில்லை" என்று சொன்னாரே முதலாமவர், அந்த எண் எங்கிருந்து வருகிறது? 1990இல் வந்த ஒரு சட்டம், கூட்டரசின் உதவித்தொகை பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டம் முடித்தோர் விகிதத்தை வெளியிட வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் வருகிறவர்கள் முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்து, பட்டமோ சான்றிதழோ நோக்கமாக வைத்திருப்பவர்கள் மட்டுமே. படிப்புக்கு விதித்த காலத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் முடித்தால்தான் முடித்ததாகக் கொள்வார்கள். இரண்டு வருடப் படிப்பு என்றால் மூன்று வருடம். இப்படி எடுத்தால் அரசு இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு 30 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

இதை ஐந்து பேரை வைத்துப் பார்ப்போம். கற்பனை மாணவர்கள்தான், ஆனால் எந்தக் கம்யூனிட்டி காலேஜிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

முதல் மாணவி கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டு செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுக்கிறாள். பகுதி நேரம் என்பதால் கணக்கிலேயே இல்லை. ஐந்து வருடத்தில் அவள் பட்டம் வாங்கினாலும் இந்த விகிதத்துக்கு அது தெரியாது. இரண்டாமவன் முழுநேரம் சேர்ந்தவன். ஒரு வருடம் நன்றாகப் படித்து, அசோசியேட் வாங்காமலே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டான். இவன் கணக்கில் இருக்கிறான், முடிக்காதவனாக. டிரான்ஸ்ஃபர் என்று தனிப் பத்தி ஒன்று உண்டு. ஆனால் தலைப்பில் வருவது அந்தப் பத்தி அல்ல. மூன்றாமவர் ஐடி வேலையில் இருப்பவர். நெட்வொர்க்கிங்கில் ஒரே ஒரு பாடம் எடுத்தார், பதவி உயர்ந்தது, போய்விட்டார். நான்காமவர் பதினைந்து வருடம் முன்பு வேறெங்கோ ஒரு செமஸ்டர் படித்தவர், இப்போது திரும்ப வந்து முடித்தே விட்டார். முதன்முறை மாணவர் அல்ல என்பதால் அவரும் கணக்கில் வரமாட்டார். ஐந்தாமவள் முழுநேரம், முதன்முறை, இரண்டரை வருடத்தில் பட்டம். இவளை மட்டும் கல்லூரி வெற்றி என்று காட்டிக்கொள்ளலாம்.

ஐந்து பேருமே ஏதோ ஒரு வகையில் நினைத்ததைப் பெற்றவர்கள். விகிதமோ இரண்டு பேரை மட்டும் எடுத்து, அதில் ஒருவர் தேறினார் என்கிறது.

இந்த ஓட்டை தெரிந்துதான் 2015-16 முதல் பகுதி நேர மாணவர்களையும் வேறிடத்திலிருந்து வந்தவர்களையும் சேர்த்து, எட்டு வருடம்வரை பார்க்கும் இன்னொரு கணக்கும் கேட்கப்படுகிறது. நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு, மாணவர் எந்தக் கல்லூரிக்கு மாறினாலும் பின்தொடர்ந்து, ஆறு வருடத்தில் எங்காவது ஏதாவது ஒரு பட்டமோ சான்றிதழோ வாங்கினாரா என்று பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் அரசுக் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர்களில் 43 சதவீதம் அளவுக்கு முடிக்கிறார்கள்.

கலிபோர்னியாக்காரர்கள் அந்த மூன்றாமவரைப் போன்றவர்களுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்கில்ஸ் பில்டர். ஒன்றிரண்டு தொழிற்பாடங்களில் தேறி, சான்றிதழ் எதுவும் வாங்காமல் கிளம்பி, அதன் பிறகு சம்பளம் கூடியவர்கள். பழைய கணக்கில் இவர்கள் இடைநின்றவர்கள். மாநிலத்தின் மாணவர் சம்பளப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், வந்த வேலையை முடித்துக்கொண்டு போனவர்கள் இவர்கள் என்று தெரிந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கு முறை சரியில்லை என்று சொல்லியே கல்லூரிகள் தப்பித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு தாராளமாக அளந்தாலும் ஆறு வருடத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கையில் எதுவும் இல்லை. அவர்களில் ஸ்கில்ஸ் பில்டர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்களில் பலர் பணம் இல்லாமல், நேரம் இல்லாமல், அடுத்து எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் நின்றுபோனவர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மாறுவது

நம் வீடுகளில் கம்யூனிட்டி காலேஜை யோசிக்கிற பலரும் இதற்காகத்தான் யோசிக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் இங்கே, பின்னிரண்டு வருடம் நல்ல பல்கலைக்கழகத்தில். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருக்கும். கணக்கு அழகானது. நடப்பது என்ன? சேரும்போது ஐந்தில் நான்கு பேர் இளங்கலைப் பட்டம் வரை போக நினைக்கிறார்கள். சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மாறுகிறார். ஆறு வருடத்துக்குள் இளங்கலை முடிப்பவர் 16 சதவீதம் போல.

இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மாறிப் போய்விட்டவர்களில் பாதிப் பேர் அந்த ஆறு வருடத்துக்குள் முடித்தே விடுகிறார்கள். பெரிய இழப்பு மாறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இலேயே இதைப் பற்றி எழுதினார். பெரிய ஆசையோடு வரும் மாணவரை இந்தக் கல்லூரிகள் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை. மெல்ல மெல்ல ஆசையைத் தணித்து வேறு பாதைக்குத் திருப்பிவிடுகின்றன என்பது அவர் வாதம். கடுமையான குற்றச்சாட்டுதான். முழுக்க ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் திருப்தி பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்க வேண்டும்: ஆசை குறைந்தால் திருப்தி கூடும்.

மாறும்போது கிரெடிட் தொலைவது இன்னொரு கதை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கல்லூரி மாறுகிற மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழக்கிறார்கள். இது எல்லா வகை மாற்றங்களுக்குமான சராசரி. ஒரே மாநில அரசுக் கல்லூரிகளுக்குள் மாறினால் இழப்பு குறையும். எப்படித் தொலைகிறது? பெரும்பாலும் "ஏற்க மாட்டோம்" என்று பல்கலைக்கழகம் சொல்வதில்லை. ஏற்றுக்கொண்டு வேறு பத்தியில் போட்டுவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிற பையன் கால்குலஸுக்குப் பதிலாக வணிகக் கணிதம் எடுத்திருந்தால், அந்த மூன்று கிரெடிட்டும் மதிப்பீட்டுத் தாளில் பளிச்சென்று இருக்கும், எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்ற தலைப்புக்குக் கீழே. மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, அதனால் ஒரு பயனும் இல்லை. 60 கிரெடிட்டும் ஏற்கப்பட்டன என்று மகிழ்ந்தவன், இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டும் என்று அடுத்த வாரம் தெரிந்துகொள்வான்.

ஆகவே "எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர் ஆனார்கள்" என்ற எண்ணோடு நிற்காமல், "எத்தனை கிரெடிட் மேஜருக்குள் போனது, போனபின் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்" என்று கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் இதற்காகவே 2010இல் சட்டம் போட்டு டிரான்ஸ்ஃபருக்கான தனி அசோசியேட் டிகிரியை உருவாக்கினார்கள். எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று பார்க்க அசிஸ்ட் என்ற அரசுத் தளமும் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் பாடம் பதிவு செய்வது, என்னைக் கேட்டால், வேண்டாத வேலை.

சம்பளம்

இங்கேதான் சராசரி அதிகமாக ஏமாற்றும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், முழுநேர வேலையில் இருப்பவரின் இடைநிலை (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும்) வாரச் சம்பளம் இப்படி: பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 899 டாலர், கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்காதவர் 992, அசோசியேட் டிகிரி 1,058, இளங்கலை 1,493. பள்ளியோடு நின்றவரைவிட அசோசியேட் வாங்கியவருக்கு வாரம் 159 டாலர் கூட. வருடத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். பரவாயில்லை என்று தோன்றும், பிரமாதம் என்று தோன்றாது.

ஆனால் அசோசியேட் டிகிரி என்பது ஒரே பண்டம் அல்ல. நர்சிங்கில் இரண்டு வருடப் பட்டம் வாங்கியவரும் நான்கு வருடப் பட்டம் வாங்கியவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு, என்கிளெக்ஸ். தேறினால் இருவரும் ரெஜிஸ்டர்ட் நர்ஸ்தான். 2023 மே மாதக் கணக்கில் அந்த வேலையின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர். அதில் நான்கு வருடப் பட்டக்காரர்களும் அடக்கம். பெரிய மருத்துவமனைகள் நான்கு வருடப் பட்டத்தையே விரும்புகின்றன என்பதும் உண்மை. இருந்தாலும் இரண்டு வருடத்தில் அந்தத் தேர்வறைக்குள் போக முடிகிறதே, அது சாதாரணம் அல்ல. பல் சுகாதார நிபுணர், எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புகளும் இதே வகை. எதிர்ப்பக்கத்தில், பொதுக்கலை அசோசியேட்டை மட்டும் வாங்கி நிறுத்திக்கொண்டால் சந்தையில் பெரிய மதிப்பில்லை. அது மாறிப் போவதற்கென்று செய்த பட்டம். பாதி வழியில் இறங்குவதற்கு அல்ல. பெண்களுக்கு ஆண்களைவிட அசோசியேட்டால் கிடைக்கும் கூடுதல் சம்பளம் அதிகம் என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதற்கும் பெரிய காரணம், மருத்துவத் துணைப் படிப்புகளில் அவர்கள் அதிகம் இருப்பதுதான்.

ஆக, கல்லூரியின் சராசரிச் சம்பளம் என்று ஒரு எண்ணைக் காட்டினால் அது பெரும்பாலும் அந்தக் கல்லூரியில் நர்சிங் துறை எவ்வளவு பெரியது என்பதைத்தான் சொல்கிறது.

சம்பளத்தை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மாணவரையும் நாடு முழுக்கப் பின்தொடரும் பதிவேட்டைக் கூட்டரசு உருவாக்கக்கூடாது என்று 2008இல் உயர்கல்விச் சட்டத்தைப் புதுப்பித்தபோது காங்கிரஸ் தடையே போட்டுவிட்டது. எனவே மாநிலங்கள் வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் காலாண்டுதோறும் அனுப்பும் சம்பளப் பட்டியலோடு மாணவர் பட்டியலை ஒப்பிடுகின்றன. நல்ல வழிதான், ஆனால் அதிலும் சிலர் விடுபட்டுப் போகிறார்கள். ஏசி மெக்கானிக் படிப்பு முடித்து, சொந்தமாக ஒரு வேன் வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பழுது பார்த்து நன்றாகச் சம்பாதிப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை, அவருக்கு முதலாளி கிடையாது. பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோனவரும் இல்லை. ராணுவத்தில் சேர்ந்தவரும் இல்லை. 2015இல் புது வடிவில் வந்த காலேஜ் ஸ்கோர்கார்ட் தளம் காட்டும் சம்பளமோ கூட்டரசின் உதவித்தொகையோ கடனோ பெற்றவர்களுடையது மட்டும். கட்டணம் குறைவு என்பதால் அப்படி எதுவும் வாங்காமலே படிப்பவர்கள் கம்யூனிட்டி காலேஜில் ஏராளம்.

கடன் என்றதும் ஒரு சேதி. தவணை கட்ட முடியாமல் தத்தளிப்பவர்கள் லட்சக்கணக்கில் கடன் வாங்கிய டாக்டர்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. சில ஆயிரம் டாலர் கடன் வாங்கி, பட்டம் முடிக்காமல் நின்றவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். கடனின் அளவைவிட, முடித்தாரா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கிறது.

திருப்தி என்றால் யாருடைய திருப்தி

இனி அந்த இன்னொரு வகை எண். இதில் ஒழுங்காக நெடுங்காலம் கணக்கெடுத்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். அங்கே 1960களிலிருந்து தொடங்கப்பட்ட 24 அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலாவது, ஸ்கார்பரோத் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த சென்டெனியல், 1966இல் திறந்தது. 1990களின் இறுதியிலிருந்து இக்கல்லூரிகளுக்கு மாகாண அரசு ஐந்து அளவீடுகளை வைத்தது: பட்டம் முடித்தோர் விகிதம், முடித்தவருக்கு வேலை, முடித்தவரின் திருப்தி, படிக்கிற மாணவரின் திருப்தி, வேலை கொடுத்தவரின் திருப்தி. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து முன்னாள் மாணவரை அழைத்துக் கேட்பார்கள். முடித்தவர்களின் திருப்தி பல ஆண்டுகளாக 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தது, முதலாளிகளின் திருப்தி 90ஐ ஒட்டி.

நல்ல எண்கள். இப்போது நம் கேள்வியைக் கேட்போம். யார் இதில் இருக்கிறார்கள்? முடித்தவர்கள். முடிக்காமல் போனவரை ஆறு மாதம் கழித்து யாரும் அழைப்பதில்லை. அதாவது கல்லூரியோடு மனம் கசந்து முதல் செமஸ்டரிலேயே வெளியேறியவருக்கு இந்தத் திருப்திக் கணக்கில் ஓட்டு இல்லை. முதலாளி யார்? தன் மேலதிகாரியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று முன்னாள் மாணவர் அனுமதி கொடுத்தால்தான் அந்த முதலாளியிடம் கேட்பார்கள். வேலையில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர் அனுமதி கொடுப்பாரா? வேலை விகிதத்திலும் மேற்படிப்புக்குப் போனவர்களை ஒதுக்கிவிட்டு, வேலைச் சந்தையில் இருப்பவர்களை மட்டும் எடுக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் படித்த துறையில் வேலை பார்த்தாலும், காபிக் கடையில் நின்றாலும் அந்த விகிதத்தில் இரண்டும் வேலைதான். படித்த துறையில் வேலையா என்று தனியாக ஒரு கேள்வி உண்டு. விளம்பரப் பலகையில் அது வருவது அபூர்வம்.

கேள்வியின் சொற்களும் முக்கியம். ஒன்டாரியோவில் முடித்தவரிடம் கேட்டது "கல்லூரி பிடித்திருந்ததா" என்றல்ல. படிப்புக்குப் பிறகு உங்கள் இலக்குகளை அடைய இந்தக் கல்வி எந்த அளவுக்குப் பயன்பட்டது, அதில் எவ்வளவு திருப்தி என்ற வகையில்தான். இது கெட்டிக்காரத்தனமான கேள்வி. வாகன நிறுத்தமும் கேன்டீனும் பதிலுக்குள் நுழையாது. ஆனால் இலக்கு எது என்பதை மாணவரே வைத்துக்கொள்கிறார், அதுவும் இடையில் மாறியிருக்கலாம். இங்கேதான் பர்ட்டன் கிளார்க் திரும்ப வருகிறார். டாக்டராக நினைத்து வந்து லேப் டெக்னீஷியனாக வெளியே போனவர், மனமாரத் திருப்தி என்று சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குள் அளவுகோல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் "திருப்தி", "மிகுந்த திருப்தி" என்ற மேலிரண்டு படிகளையும் கூட்டித்தான் ஒரே சதவீதமாகத் தருவார்கள். வெறும் "திருப்தி" என்பது பல நேரங்களில் மரியாதைக்குச் சொல்வது, நம்மூர்க் கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்கிறோமே, அந்த ரகம். எனக்குக் கிடைத்தால் "மிகுந்த திருப்தி" மட்டும் தனியாகப் பார்ப்பேன். அதைவிட நல்ல கேள்வி, திரும்ப ஆரம்பிக்க முடிந்தால் எதை மாற்றுவீர்கள் என்பது. ஸ்ட்ராடா என்ற கல்வி அமைப்பும் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் சேர்ந்து 2017இல் உயர்கல்வி பெற்ற அமெரிக்கர்களிடம் இப்படிக் கேட்டபோது, 51 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை மாற்றுவோம் என்றார்கள். மேஜரை மாற்றுவோம் என்றவர்கள் 36 சதவீதம், கல்லூரியை என்றவர்கள் 28. எந்தக் கல்லூரி என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். பின்னால் அதிகம் பேர் வருந்துவது என்ன படித்தோம் என்பதற்காக.

சம்பளமும் திருப்தியும் சேர்ந்தே ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் படிப்பு கம்யூனிட்டி காலேஜ்களில் பரவலாக உண்டு. மழலையர் பள்ளி ஆசிரியரின் இடைநிலைச் சம்பளம் 2023இல் ஆண்டுக்கு 37,130 டாலர்தான், நர்ஸ் வாங்குவதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் படிப்பைத் தேடி வருபவர்கள் பலர் சம்பளம் தெரிந்தே வருகிறார்கள். ஒரே துறைக்கு விளைவு எண் தாழ்ந்தும் திருப்தி எண் உயர்ந்தும் இருக்கலாம், இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம்.

எண்ணை உயர்த்திக் காட்டியவர்கள்

இவ்வளவு சந்தேகப்பட்ட பிறகு, நான் சந்தேகப்படாத ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான குனி 2007இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும். என்ன பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் அட்வைசரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். பதிலுக்கு உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம், சப்வே அட்டை. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில், கணக்கிலோ ஆங்கிலத்திலோ அடிப்படைப் பாடம் மீண்டும் எடுக்க வேண்டியிருந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஏசாப், மறுபாதிக்கு வழக்கமான உதவிகள். மூன்று வருடத்தில் ஏசாப் பக்கம் 40 சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள், மறுபக்கம் 22. ஒஹாயோவில் வேறு கல்லூரிகளில் செய்தபோதும் இந்தப் பக்கம் 35 சதவீதம், மறுபக்கம் 19.

குலுக்கல் என்பதால் யாரைச் சேர்த்தார்கள் யாரை விட்டார்கள் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள். கல்லூரியின் பங்கு இவ்வளவு என்று தைரியமாகச் சொல்லக்கூடிய அரிய இடம் இது. சப்வே அட்டைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். மாதாமாதம் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமென்றால் அட்வைசரைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தால், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவது கடினம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கல்லூரியின் ஒட்டுமொத்த எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளை எடுக்கப்போகிற துறைக்கு மட்டும் கேளுங்கள். டிரான்ஸ்ஃபர்தான் நோக்கம் என்றால், போன வருடம் இந்தத் துறையிலிருந்து நீங்கள் நினைக்கிற பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர் போனார்கள், அங்கே மூன்றாம் வருட மாணவராக ஏற்கப்பட்டார்களா என்று அட்வைசரிடம் நேரிலேயே கேட்கலாம். ஒரு அட்வைசருக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள். பிரபலங்களைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் உள்ள சேபாட் காலேஜில் படித்தார், விண்கலத்துக்குத் தளபதியான முதல் பெண் ஐலீன் காலின்ஸ் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்தார், இரண்டும் உண்மை, இரண்டும் உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல.

நர்சிங் மாதிரி உரிமத் தேர்வு உள்ள படிப்பு என்றால் விசாரிப்பது சுலபம். முதல்முறை எழுதியவர்களில் எத்தனை பேர் என்கிளெக்ஸில் தேறினார்கள் என்பதை மாநில நர்சிங் வாரியங்கள் கல்லூரி வாரியாகவே வெளியிடுகின்றன. 95 சதவீதம் என்று பார்த்ததும் அசந்துவிடாமல் ஒன்று மட்டும் கேளுங்கள். அந்தத் தேர்வை எழுதியவர்கள் படிப்பை முடித்தவர்கள். நர்சிங்கின் முதல் செமஸ்டரில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வறை வரை வந்தார்கள்? பல நர்சிங் துறைகள் இந்த எண்ணையும் தங்கள் தளத்திலேயே, தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும்.